ஜன்னலுக்கு அவர் வருவதற்குள்

டெல் பே, ஓரிகன்
செப்டம்பர் 22, 2018

வெர்னாவுக்கு,

மேலே கிறுக்கி அடித்திருப்பது 'அக்கா' என்ற சொல். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

பெரியம்மா மகள் லூவெல்லா ஊர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு படத்தை வெட்டி அனுப்பியிருக்கிறாள். ஹார்லன் பிளஃப் போலீஸ்காரர்கள் ஊர் மக்களுக்கு நடத்தும் வகுப்பாம். போலீஸ் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுப்பார்களாம். செவ்வாய்தோறும் மாலையில், பத்து வாரம். படத்தில் ஒரு போலீஸ் நாய், பக்கத்தில் நீ. இரண்டு பேரும் பல் தெரியச் சிரிக்கிறீர்கள். நாயை நான் குறை சொல்லவில்லை. யார் யாரைச் சுட்டார்கள் என்று அதற்குத் தெரியாது.

உனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்பு, ஏப்ரல் மாதம், பட்டப்பகலில், தானியக் கிடங்குக்குப் போகிற ரோட்டில், வேகமாகப் போனான் என்று என் மகன் கோல்பியை நிறுத்தி, காருக்குள்ளேயே சுட்டுக் கொன்றான் டிரென்ட் வாஸ். பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. கையில் இருந்தது வண்டிக் காகிதம். போலீஸ்காரர் பயந்தது நியாயம்தான் என்று அரசு வக்கீல் எழுதிக் கொடுத்தார். கோடை முடிவதற்குள் வாஸ் மறுபடியும் யூனிபார்மில் இருந்தான். நான் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்து அடுத்தவன் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

நகரசபைக் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன் உன்னை. 'எங்கள் கோல்பி யாருக்கும் தீங்கு நினைக்காத பிள்ளை.' அவ்வளவுதான். நீ மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். அன்றைக்குத் தைத்து வைத்திருந்த வாய் இன்றைக்கு நாயோடு சிரிக்கிறது.

போனில் பேசினால் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

ஆர்லன்

*

ஹார்லன் பிளஃப், ஐயோவா
செப்டம்பர் 29, 2018

தம்பி ஆர்லனுக்கு,

பதில் வேண்டாம் என்கிறாய். ஆனால் உறையின் மூலையில் உன் விலாசத்தை, கதவு எண் முதற்கொண்டு, அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில்கூட நீ இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

சிரித்தது உண்மை. அந்த நாய் என் செருப்பை நக்கியது, கூசியது, சிரித்துவிட்டேன். பத்திரிகைக்காரப் பெண் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டாள். அதை வீட்டில் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஏன் போகிறேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வாராவாரம் கடையில் பால் எடுக்கிற இடத்தில் அந்த வாஸைப் பார்க்கிறேன். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வான். நான் பாலைப் பார்ப்பேன். மூன்று வருடமாக இதுவே நடக்கிறது. அவனை வெறுக்க வேண்டுமா, என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. அந்த ரோட்டில் என்ன நடந்தது என்று நமக்கு யாராவது உட்கார வைத்துச் சொன்னார்களா? வக்கீலின் அறிக்கையில் இருந்தது மனிதர் பேச்சே இல்லை. சர்ச்சில் காப்பி குடிக்கிற இடத்தில் இந்த வகுப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பேரைக் கொடுத்துவிட்டேன்.

நான் யாரென்று அவர்களுக்குத் தெரியும். வகுப்பு எடுப்பது சார்ஜென்ட் மார்லா கீன் என்ற பெண். முதல் நாளே வாசலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "நீங்க கோல்பியோட அத்தைனு தெரியும்மா. பின்னாடி உட்காரணும்னா உட்காருங்க. பாதியில எழுந்து போகணும்னாலும் போங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள். நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

கூட்டத்தில் வாயைத் திறக்காததற்கு என்ன சொல்ல? உன் அத்தான் ராய்ஸ் அப்போது நகராட்சியில் பனி வாரும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள். இது காரணம்தான், சமாதானம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

உன் அக்கா,
வெர்னா

*

டெல் பே
அக்டோபர் 6

வெர்னா,

காரணம் எனக்கு அன்றைக்கே தெரியும். அது தெரிந்ததால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வகுப்பில் கோல்பியைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? பேர் சொல்லாமலாவது?

ஆர்லன்

*

ஹார்லன் பிளஃப்
அக்டோபர் 13

தம்பி,

இங்கே குளிர் வந்துவிட்டது. சோளம் பாதி அறுத்தாகிவிட்டது, மீதி வயலில் மழையில் நனைகிறது, ராய்ஸ் ஜன்னலோரம் நின்று அடுத்தவர் வயலுக்காகக் கவலைப்படுகிறார். ஓய்வு பெற்ற மனிதருக்கு வேறென்ன வேலை?

வகுப்பில் பன்னிரண்டு பேர். எல்வின் உனக்கு நினைவிருக்கும், கறுப்புப் பன்றி வளர்த்தாரே, அவரும் வருகிறார். அவர் வருவது ஒரே காரணத்துக்காக. போன வருடம் யாரோ அவருடைய டிராக்டர் பேட்டரியைத் திருடிவிட்டான். கைரேகை பாடமா, நாய் பாடமா, எதுவாக இருந்தாலும் கடைசியில் கையைத் தூக்கி, "இதெல்லாம் சரி, என் பேட்டரி என்னாச்சு?" என்பார். மார்லாவும் சளைக்காமல், "தேடிக்கிட்டே இருக்கோம் எல்வின்" என்பாள்.

கைரேகை எடுக்கக் கற்றுக்கொண்டேன். என் விரலில் ரேகையே சரியாக விழவில்லை. "இத்தனை வருஷம் பாத்திரம் தேய்ச்சதுல அழிஞ்சு போச்சு, நீங்க தாராளமா பேங்க்ல கொள்ளையடிக்கலாம்" என்று மார்லா சொன்னாள். ஒரு நாள் மத்தியானம் ரோந்து வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்கள். தப்பியோடிய ஆட்டைப் பிடித்து வேலிக்குள் விட்டோம். பூசணிக்காய் வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம் செய்துகொண்டு போனேன், தட்டு காலியாக வந்தது.

கோல்பியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. மழை இன்னும் நிற்கவில்லை.

அக்கா

*

டெல் பே
அக்டோபர் 19

அக்கா,

நீ மழையைப் பற்றி எழுதினால் எதையோ மென்று விழுங்குகிறாய் என்று அர்த்தம். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம் எனக்கு ராணுவ முகாமுக்கு இரண்டு பக்கம் எழுதினாய். இரண்டு பக்கமும் ஆலங்கட்டி மழை.

பன்றிக்காரர் பேட்டரி எனக்கு எதற்கு? பூசி மெழுகாமல் சொல். அங்கே என்ன நடந்தது?

ஆர்லன்

*

ஹார்லன் பிளஃப்
அக்டோபர் 26

தம்பி,

சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும்போது வேலையிடத்தில் நிற்காதே. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

ஐந்தாவது வாரம், வண்டியை நிறுத்துவது எப்படி என்ற பாடம். காவல் நிலையத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு பழைய வெள்ளைக் காரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓட்டுநர்போல உள்ளே உட்காருவார். நாங்கள் ஒவ்வொருவராகப் போலீஸ் வேஷம் போட வேண்டும். இடுப்பில் பெல்ட்டு, அதில் நீல நிறத்தில் பிளாஸ்டிக் துப்பாக்கி. அது சுடாது. சுடுவதாக இருந்தால் துப்பாக்கியை நீட்டி வாயால் 'டுமீல்' என்று சொல்ல வேண்டும்.

எல்வின் முதலில் போனார். ஓட்டுநரிடம் பேட்டரி பற்றி விசாரித்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் என் முறை.

காரின் பின்பக்கம் வழியாக நடந்தேன். சொல்லிக்கொடுத்த மாதிரி பின்கதவைத் தொட்டுக்கொண்டே போனேன். உள்ளே இருப்பவரின் தலையும் ஒரு தோளும் மட்டும்தான் தெரிந்தன. திடீரென்று அந்தத் தோள் வலப்பக்கம் கீழே சாய்ந்தது. கை எங்கே போனது என்று தெரியவில்லை. நான் ஏதோ கத்தினேன், "கையக் காட்டு, கையக் காட்டு" என்று கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். அவர் சட்டென்று நிமிர்ந்தார். கையில் கறுப்பாக ஒன்று.

நான் 'டுமீல்' என்றேன் தம்பி. என் வாயால் சொன்னேன். ஒரு முறைகூட இல்லை, இரண்டு முறை.

அது பர்ஸ். வெறும் தோல் பர்ஸ். அவர் அதைத் திறந்து லைசென்ஸைக் காட்டினார்.

யாரோ கை தட்டினார்கள். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் சுட்டுவிட்டோம் என்றும், எல்லா வருடமும் அப்படித்தான் என்றும் அடுத்த வாரம் சொன்னார்கள். மார்லா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கை தட்டியவர்களை அதட்டினாள். என்னைக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். "நான் வேற யாரையாவது வெச்சு இந்தப் பாடத்தைச் செஞ்சிருக்கணும்மா. உங்கள விட்டிருக்கக் கூடாது. என் தப்பு" என்றாள். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு வாரம் ராய்ஸிடம்கூடச் சொல்லவில்லை.

கோல்பி பிறந்தபோது உன் கைக்கு முன்னால் என் கையில்தான் கொடுத்தார்கள். அந்தக் கைதான் இதுவும்.

அக்கா

*

டெல் பே
நவம்பர் 5

வெர்னா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். பிறகு நாலைந்து நாள் அலமாரியில் போட்டு வைத்தேன்.

நீயும் சுட்டாயா? மூன்று வருடமாக 'வாஸ் ஒரு மிருகம், மனிதனாக இருந்தால் சுட்டிருக்க மாட்டான்' என்று சொல்லித்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன். அந்த ஒன்றும் எனக்கு வேண்டாம் என்று நினைத்தாயா? ஊரில் இருப்பவர்கள் எல்லாம் வாஸாக இருந்தால் நான் யாரை வெறுப்பது?

இதை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய்விட்டேன்.

இன்னொரு விஷயம். அவ்வளவு விவரமாக எழுதியவள் ஒன்றை விட்டுவிட்டாய். போலீஸ்காரன் எப்படி நடக்க வேண்டும் என்று இருக்கிறது, பின்கதவைத் தொட வேண்டும் என்று இருக்கிறது. வண்டிக்குள் இருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்று அந்த சார்ஜென்ட் சொல்லாமலா இருந்திருப்பாள்? என்ன சொன்னாள்?

ஆர்லன்

*

ஹார்லன் பிளஃப்
நவம்பர் 11

தம்பி,

இதை நீ கேட்காமலே இருந்துவிடுவாய் என்று நினைத்தேன். கேட்டுவிட்டாய்.

அவள் சொன்னது இதுதான்: "வண்டிய நிறுத்துங்க. ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. எதையும் எடுக்காதீங்க. நாங்க வந்து கேட்ட பிறகு, எங்க இருக்குனு சொல்லிட்டு, மெதுவா எடுங்க. நாங்க நடந்து வரும்போது குனிஞ்சு தேடுறவங்களப் பார்த்தாத்தான் எங்களுக்கு ரொம்பப் பயம்."

நம் அப்பா என்ன சொல்லுவார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தானிய லாரி ஓட்டிய மனிதர், யாரையும் காக்க வைக்கக் கூடாது என்பது அவருக்கு வேதம். "போலீஸ்காரர் ஜன்னலுக்கு வர்றதுக்குள்ள காகிதம் கையில இருக்கணும். அவர் வெயில்ல நின்னு நாம தேடுறதப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது. அதுதான் மரியாதை." நமக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வளர்ந்தார்கள். நான் போன மாதம் வரைக்கும் அப்படித்தான் செய்தேன். இது யாருடைய குற்றமும் இல்லை ஆர்லன். இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படி.

இன்னொன்றும் இருக்கிறது. மனசு கேட்காமல் எழுதுகிறேன். டிசம்பரில் உயர்நிலைப் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்கிற பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம். வகுப்பு முடித்தவர்களில் யாராவது ஒருவர் அங்கே பேச வேண்டுமாம். மார்லா என்னிடம் கேட்டாள், "நீங்க பேசினா அந்தப் பிள்ளைங்க காதுல ஏறும்மா. ஆனா உங்க தம்பி சம்மதம் இல்லாம வேண்டாம்" என்றாள். கோல்பியின் பேரைச் சொல்லி, அவன் மரியாதைக்குத்தான் குனிந்தான் என்று சொல்லட்டுமா?

அக்கா

*

டெல் பே
நவம்பர் 18

அக்கா,

கோல்பிக்குப் பதினாறு வயதானபோது நம் வீட்டு முற்றத்தில் பழைய பிக்கப் வண்டியில் உட்கார வைத்தேன். நான்தான் போலீஸ். கொட்டகையிலிருந்து நடந்து வருவேன். நான் ஜன்னலுக்கு வருவதற்குள் அவன் காகிதத்தை எடுத்து நீட்ட வேண்டும். முதலில் தாமதம். "லேட்டுடா. தாத்தா பேரைக் கெடுக்கப் போற" என்பேன். அவன், "அப்பா, நீங்க போலீஸ் இல்ல, போஸ்ட்மேன் மாதிரி நடக்கிறீங்க" என்று சிரிப்பான். திரும்பத் திரும்பச் செய்தோம். விதைக் கம்பெனிக்காரர் கொடுத்த கறுப்பு உறை ஒன்று இருந்தது. தேடாமல் ஒரே பிடியில் எடுக்கலாம் என்று நான்தான் காகிதங்களை அதற்குள் போட்டுக் கொடுத்தேன். கடைசியில் நான் பின்பக்கச் சக்கரத்தைத் தாண்டுவதற்குள் எடுத்துவிடுவான். தோளில் தட்டிக் கொடுத்தேன்.

அவ்வளவு வேகமாக எடுக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான். யாருடைய குற்றமும் இல்லை என்ற உன் வாக்கியத்தைப் படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன். அது இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பேசுவதற்கு என் சம்மதம் இல்லை. நீ எழுந்து 'கோல்பி குனிந்திருக்கக் கூடாது' என்று சொன்ன மறுநிமிடம் அது அவர்களுடைய விளம்பரம் ஆகிவிடும். 'பாருங்கள், பையனின் அத்தையே சொல்கிறாள்.' வாஸின் சட்டையில் நீயே மெடல் குத்திவிட்ட மாதிரி. செத்தவன் பேரில் பழியைப் போட்டுவிட்டு இருப்பவர்கள் கேக் சாப்பிடுவார்கள். வேண்டாம்.

ஆர்லன்

*

ஹார்லன் பிளஃப்
நவம்பர் 25

தம்பி,

முடியாது என்று மார்லாவிடம் சொல்லிவிட்டேன். சரி என்றாள், வற்புறுத்தவில்லை.

வகுப்பு முடிந்தது. நீ சொன்ன மாதிரியே கேக் இருந்தது, அதுவும் போலீஸ் பேட்ஜ் வடிவத்தில். நான் சாப்பிடவில்லை. எல்வினுக்குச் சான்றிதழோடு ஒரு புது பேட்டரியும் கொடுத்தார்கள். எல்லாரும் சேர்ந்து வாங்கினோம். அழுதுவிட்டார் மனிதர்.

வேறு ஒரு விஷயம். எதையும் கேட்பதற்காக எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிறு சர்ச் முடிந்ததும் நோரா என்ற பெண் புது லைசென்ஸை என்னிடம் காட்ட ஓடி வந்தாள். வயது பதினாறு. "போலீஸ் நிறுத்தினா என்ன செய்வேன் தெரியுமா ஆன்ட்டி? அவர் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்து ரெடியா வெச்சிருவேன். தாத்தா சொல்லிக்குடுத்திருக்காரு" என்று பெருமையாகச் சொன்னாள். அவளைத் தனியாக நிறுத்திச் சொல்லி அனுப்பினேன். அவள் ஒருத்திக்குச் சொல்லிவிட்டேன்.

அக்கா

*

டெல் பே
டிசம்பர் 3

அக்கா,

என்னோடு வேலை செய்யும் ஹெக்டரை நேற்று மத்தியானம் படகுப் பட்டறை வாசலுக்குக் கூப்பிட்டேன். என் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவனைப் பின்னாலிருந்து நடந்து வரச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவன் வரும்போது நான் டாஷ்போர்டு பெட்டியை நோக்கிக் குனிந்தேன். "என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "உன் தோள் கீழ போச்சு. கை எங்க போச்சுனு தெரியல. ஏன், வண்டியில எலியா?" என்றான்.

பிறகு அவனை உள்ளே உட்கார வைத்து நான் நடந்து வந்தேன். அவன் குனிந்தான். அக்கா, எனக்கு நடக்கப்போவது முன்னாலேயே தெரியும், குனியச் சொன்னதே நான்தான். அப்படியும் 'கையக் காட்டு' என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். நீ எழுதியது பொய்யில்லை.

ஆனால் நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். பின்கதவுக்கும் பின்னால் போய் நின்று, இரண்டு மூச்சு விட்டேன். ஹெக்டரின் கை மேலே வந்தது, அதில் காகிதம் இருந்தது. வாஸுக்கும் பின்னால் ரோடு காலியாகத்தான் இருந்தது. ஒரு அடி வைக்க இடம் இருந்தது.

அதனால் இப்போது சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பேசு. நோரா போன்ற பிள்ளைகள் குனியக் கூடாது. கோல்பியின் பேரைச் சொல், சொல்லிக்கொடுத்தது அவன் அப்பன் என்றும் சொல். ஆனால் இரண்டையும் சொல்ல வேண்டும். அவன் மரியாதைக்குக் குனிந்தான், குனிந்திருக்கக் கூடாது. வாஸ் ஒரு அடி பின்னால் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வதாக இருந்தால் வாயைத் திறக்காதே.

ஆர்லன்

*

ஹார்லன் பிளஃப்
டிசம்பர் 14

தம்பி,

நேற்று பேசினேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மழையைப் பற்றி எழுதத்தான் கை போகிறது.

பள்ளி உணவுக்கூடத்தில் அறுபது பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். போலீஸ் தலைவர் முன்வரிசையில். மார்லா என் கையைப் பிடித்து, "உங்களுக்கு என்ன சொல்லணுமோ அதச் சொல்லுங்க, எங்களுக்காக எதையும் குறைக்காதீங்க" என்றாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தொடங்கினேன். கோல்பியின் பேரைச் சொன்னேன். அப்பா சொன்னது, நீ சொல்லிக்கொடுத்தது, கறுப்பு உறை, எல்லாம் சொன்னேன். ஒரு பிள்ளையும் போனைப் பார்க்கவில்லை. கையை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னபோது, யாரும் சொல்லாமலே சில பிள்ளைகள் மேஜையின் மேல் இரண்டு கையையும் வைத்தார்கள்.

அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. 'போலீஸ்காரர் ஒரு அடி பின்னால் வைத்திருக்கலாம்.' ராய்ஸிடம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன், கதவோரம் வாஸ் நின்றுகொண்டிருந்தான். யூனிபார்ம் இல்லை, சாதாரணச் சட்டை. தொப்பி கையில். காது இரண்டும் சிவந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடி விழப்போகிறது என்று தெரிந்தவன் நிற்கிற மாதிரி நின்றான்.

நகரசபையில் நானும் அப்படித்தான் தரையைப் பார்த்தேன் இல்லையா? எனக்கு அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது, தம்பி. இரக்கமா, பழைய கோழைத்தனமா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. "கேட்டதற்கு நன்றி பிள்ளைகளே" என்று சொல்லிவிட்டேன்.

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். போலீஸ் தலைவர் என் கையைக் குலுக்கினார். வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன், சாவியைப் போடாமல் ராய்ஸுக்குப் போன் செய்தேன். அவர் நடந்து வந்து கூட்டிப்போனார்.

ஒன்றை மட்டும் சொல்வதானால் வாயைத் திறக்காதே என்றாய். திறந்தேன், ஒன்றை மட்டும்தான் சொன்னேன். உன் மகனை இரண்டாம் முறையும் கைவிட்டேன். மன்னிப்புக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அதனால் கேட்கவில்லை.

வெர்னா

*

டெல் பே
டிசம்பர் 22

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றைக்குப் பட்டறையில் ஒரு பெயிண்ட் டின்னை உதைத்துவிட்டேன். நீலம். ஹெக்டரின் பூட்ஸ் முழுக்க நீலம். இரண்டு நாள் உன்மேல் எரிந்தேன். சொல்ல வேண்டியதை எழுதிக் கையில் கொடுத்தும் விழுங்கிவிட்டு வந்திருக்கிறாள் என்று சுவரைப் பார்த்துத் திட்டினேன்.

மூன்றாம் நாள் ஹெக்டர் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டே கேட்டான், "அன்னைக்கு வண்டியில என்ன பரிசோதனை பண்ணின? இப்பவாவது சொல்லு." எனக்கு மகன் இருந்தான், போலீஸ் சுட்டுவிட்டது என்று அவனுக்கு முன்பே தெரியும். இங்கே எல்லாருக்கும் தெரியும். காகிதம் எடுத்தான், சுட்டார்கள் என்று சொல்வேன், கேட்பவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள், காப்பி வாங்கிக் கொடுப்பார்கள். இந்த முறை மற்றதையும் சொல்ல வாயைத் திறந்தேன். முற்றத்தில் நான் கொட்டகையிலிருந்து நடந்து வந்ததை. தோளில் தட்டிக் கொடுத்ததை. சொல்ல முடியவில்லை அக்கா. "எலிதான்" என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் உன்மேல் இருந்த கோபம் போயிற்று. நீ அங்கே ஒரு பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினாய். நான் இங்கே மூன்று வருடமாக இன்னொரு பாதியை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அப்பன் ஒருவன், அத்தை ஒருத்தி. இரண்டு பேரும் சேர்ந்தும் அவன் கதையை ஒருவரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

அடுத்த கூட்டம் எப்போது என்று அந்த சார்ஜென்டிடம் கேள். நான் வருகிறேன். உன் வீட்டில்தான் தங்குவேன், வேறு எங்கே போக? என் வாயில் வார்த்தை வராதபோது நீ எடுத்துச் சொல், நீ தரையைப் பார்க்கும்போது நான் சொல்கிறேன். வாஸ் வந்தால் வரட்டும். கதவோரம் நிற்க வேண்டாம், ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல். அவனும் முழுசாகக் கேட்கட்டும்.

ஒன்று மட்டும் மார்லாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடு. பேசி முடித்ததும் யாரும் கை தட்டக் கூடாது.

தம்பி